காப்பாத்த வந்த சி.டி.யே கவுந்தா..?

புராஜெக்ட் ரிவ்யூவுக்கு இன்னும் ரெண்டே நாள். லேப்டாப் ஆன் ஆக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. ஹாஸ்டலில் பக்கத்து ரூம் சீனியரிடம் ஒரு ரெஸ்க்யூ டிஸ்க் இருக்கிறது. கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்து பூட் பண்ணினால்... லோகோ வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, அப்புறம் 'டமால்'! நீலத் திரை. ரீஸ்டார்ட். மறுபடி லோகோ, மறுபடி டமால். ஆம்புலன்ஸே ஆக்ஸிடென்ட் ஆன கதை!

"மச்சி, ஹார்ட் டிஸ்க் அவுட்டுடா. ஃபார்மட் அடிச்சிடு" என்று உடனே நாலு பேர் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஒரு நிமிஷம் ஃப்ரெண்ட்ஸ்... அந்த ஃபார்மட் பட்டனிலிருந்து கையை எடுங்க. ரெஸ்க்யூ டிஸ்க் கிராஷ் ஆனால் உங்க ஃபைல்கள் போச்சு என்று அர்த்தம் இல்லை. வந்த டிஸ்க்குக்கு உங்க ஹார்ட் டிஸ்க்கோடு பேசத் தெரியவில்லை, பல சமயம் விஷயம் அவ்வளவுதான். ஃபைல்கள் பத்திரமாக உள்ளே இருக்கும். அவசரப்பட்டு ஃபார்மட் அடித்தால்தான் நிஜமாகவே போகும்.

எங்கே நடக்குது அந்த டமால்?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் எழுந்திருப்பது பயாஸ். புது மெஷின்களில் அதன் பெயர் யு.இ.எஃப்.ஐ. ரெஸ்க்யூ டிஸ்க்கில் இருக்கிற குட்டி ஆபரேட்டிங் சிஸ்டத்தை மெமரிக்குள் ஏற்றி வைப்பது அதன் வேலை. லோகோ வருகிறது, புள்ளி சுற்றுகிறது என்றால் அந்த வேலை நன்றாகவே நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஏற்றி முடித்ததும் பயாஸ் ஒதுங்கிக்கொள்ளும். பஸ் ஸ்டாண்டிலிருந்து தெருமுனை வரை கூட்டி வந்து, "அதோ அந்த வீடுதான்" என்று காட்டிவிட்டுப் போகிற ஆள் மாதிரி! அதற்குப் பிறகு ஹார்ட் டிஸ்க்கிடமும், பென் டிரைவ் செருகியிருக்கிற யு.எஸ்.பி. போர்ட்டிடமும் குட்டி சிஸ்டமே நேரடியாகப் பேசியாக வேண்டும். அந்தப் பேச்சுக்குத் தேவையான சாஃப்ட்வேர்தான் ஸ்டோரேஜ் டிரைவர்.

"அதான் என் விண்டோஸ்லயே இருக்குமே?" என்று கேட்கலாம். இருக்கும். ஆனால் ரெஸ்க்யூ டிஸ்க் உங்க விண்டோஸைத் தொடுவதே இல்லை. தன் மூட்டையில் கட்டி வந்த டிரைவர்களை மட்டும்தான் பயன்படுத்தும். மூட்டையில் சரியான டிரைவர் இல்லை என்றாலோ, இருக்கிற டிரைவர் ரொம்பப் பழசு என்றாலோ, அந்தக் கைமாறுகிற நொடியில் சிஸ்டம் விழும்.

முதல்ல ஒரு ஃபோட்டோ!

நீலத் திரை வந்ததும் அடுத்த பட்டனைத் தட்டாதீங்க. செல்போனை எடுத்து ஒரு கிளிக். கண் மூடித் திறப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிறதா? வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பாருங்க. 2025-இல் மைக்ரோசாஃப்ட் புதிய விண்டோஸ் 11-இல் அந்த நீலத்தைக் கறுப்பாக மாற்றிவிட்டது. கலர் எதுவாக இருந்தாலும் நமக்கு வேண்டியது அதில் இருக்கிற வரிகள்தான். பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று: 'இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்'. பழைய திரைகளில் 7பி என்று முடிகிற ஒரு நீள நம்பர் வரும். 'எந்த டிஸ்க்கிலிருந்து நான் எழுந்திருக்கணுமோ, அதையே என்னால் எட்ட முடியவில்லை' என்று சிஸ்டம் சொல்கிறது. டிரைவர் இல்லை, அல்லது பயாஸில் ஸ்டோரேஜ் மோடு ஒத்துப்போகவில்லை.

இரண்டு: 'டிரைவர் ஐ.ஆர்.க்யூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல்' என்று வந்து, கீழே 'ஸ்டோர்போர்ட்' என்றோ 'ஐ.ஏ.ஸ்டோர்' என்று தொடங்கியோ ஒரு ஃபைல் பெயர். டிரைவர் ஏறிவிட்டது, வேலை செய்யும்போது விழுந்திருக்கிறது. பொருந்தாத டிரைவர், தகராறு செய்யும் டிஸ்க், கெட்டுப்போன ரேம், இந்த மூன்றும் சந்தேக லிஸ்ட்டில் வரும்.

மூன்று: கிராஷே இல்லை. டெஸ்க்டாப் அழகாக வருகிறது. ஆனால் உங்க ஹார்ட் டிஸ்க்கை மட்டும் காணோம்! இதுவும் டிரைவர் பிரச்னைதான். சத்தம் போடாமல் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நாலு: லினக்ஸ் ரெஸ்க்யூ டிஸ்க்கில் 'ஐ.ஓ. எரர்' என்று வரிவரியாக ஓடிக்கொண்டே இருக்கிறது. இங்கேதான் டிஸ்க் மேலோ, கேபிள் மேலோ நிஜமாகவே சந்தேகப்பட வேண்டும்.

எந்த ரகம் என்று தெரிந்துவிட்டதா? இனி ஒரே ஒரு ரூல்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். பயாஸில் நாலு செட்டிங்கை ஒரே மூச்சில் மாற்றிவிட்டு பூட் பண்ணினால், எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது. மாற்றுவதற்கு முன்னால் பழைய செட்டிங்கையும் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க.

தாத்தா காலத்து டிஸ்க்கா?

சீனியர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுக்கிற டிஸ்க்குகளில் ஃபேமஸ், ஹைரன்ஸ் பூட் சி.டி. அதன் பழைய வரிசையில் கடைசியாக 2012-இல் வந்தது 15.2. அதற்குள் இருக்கிற மினி எக்ஸ்.பி.யின் பூர்வீகம் 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. இன்றைய சாட்டா டிஸ்க்குகள் பேசுகிற ஏ.ஹெச்.சி.ஐ. முறைக்கு முதல் வரையறை வந்ததே 2004-இல்தான். தான் பிறந்த பிறகு வந்த பாஷை எக்ஸ்.பி.க்கு எப்படித் தெரியும்? அதனால்தான் எக்ஸ்.பி. சி.டி.யை ஏ.ஹெச்.சி.ஐ. மெஷினில் போட்டதும் 7பி வந்து நின்றது. அந்தக் காலத்தில் இன்ஸ்டால் பண்ணும்போது எஃப்6 கீயை அழுத்தி, ஃப்ளாப்பியிலிருந்து டிரைவர் கொடுப்பார்கள். ஃப்ளாப்பி போயே போச்சு. ஆனால் இன்றைக்கும் ஸ்டோரேஜ் டிரைவர் ஃபோல்டர்களின் பெயரில் எஃப்6 ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அது நமக்கு உதவப் போகிறது.

மெஷினும் பழசு, டிஸ்க்கும் பழசு என்றால் வழி சுலபம். பயாஸில் 'சாட்டா மோடு' என்ற இடத்தில் ஏ.ஹெச்.சி.ஐ. என்பதை ஐ.டி.இ. அல்லது கம்பாட்டிபிள் என்று மாற்றி பூட் பண்ணுங்க. ஃபைல்களை எடுத்து முடித்ததும் மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்க. இல்லாவிட்டால் அடுத்து உங்க விண்டோஸே 7பி போட்டு விழும்.

மெஷின் புதுசு, டிஸ்க் பழசு என்றால் மல்லுக்கட்டவே வேண்டாம். 32 பிட் எக்ஸ்.பி.க்கு இன்றைய ஜி.பி.டி. பார்ட்டிஷனைப் படிக்கவே தெரியாது. 2018-லிருந்து வருகிற ஹைரன்ஸ் பூட் சி.டி. பி.இ. என்கிற புது வரிசையையோ, சிஸ்டம் ரெஸ்க்யூ என்கிற லினக்ஸ் டிஸ்க்கையோ, புதுப் பதிப்பாகப் பார்த்து டவுன்லோடு செய்யுங்க. இரண்டும் இலவசம். ஃப்ரெண்டின் மெஷினிலேயே பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம்.

போர்ட்டை மாத்தினாலே போதுமா?

சில சமயம் போதும்! விண்டோஸ் 7 வந்தது 2009-இல். அதற்கு யு.எஸ்.பி. 3 டிரைவர் கூடவே வரவில்லை. அந்த டிஸ்க்கைப் பென் டிரைவில் ஏற்றி நீல நிற போர்ட்டில் செருகினால், பயாஸ் உதவியோடு பூட் ஆகும். பாதியில் 'சி.டி., டி.வி.டி. டிரைவுக்கான டிரைவர் இல்லை' என்று ஒரு மெசேஜ் வரும். சி.டி. டிரைவே இல்லாத லேப்டாப்பில் சி.டி. டிரைவர் எங்கே போய்த் தேடுவது? அங்கே நிஜமாகக் காணாமல் போனது, தான் உட்கார்ந்திருக்கிற யு.எஸ்.பி. போர்ட்டோடு பேசுகிற டிரைவர். கறுப்பு நிற யு.எஸ்.பி. 2 போர்ட் இருந்தால் அதில் மாற்றிச் செருகிப் பாருங்க.

அரைகுறையாக டவுன்லோடு ஆன ஃபைலில் செய்த டிஸ்க்கும் இதே மாதிரி பாதியில் விழும். டவுன்லோடு பக்கத்தில் கொடுத்திருக்கிற செக்சம் நம்பரை உங்க ஃபைலின் நம்பரோடு ஒத்துப் பாருங்க. ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி டவுன்லோடுதான். சிஸ்டம் ரெஸ்க்யூவின் பூட் மெனுவில் மொத்த டிஸ்க்கையும் ரேமுக்குக் காப்பி செய்து ஓட்டுகிற ஆப்ஷன் ஒன்று உண்டு. லூஸ் போர்ட், தேய்ந்த பென் டிரைவ் கேஸ்களுக்கு அது கைகொடுக்கும்.

ஒரு பூட்டு... 48 நம்பர்!

புது லேப்டாப்பில் பயாஸைத் தொடுவதற்கு முன்னால் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிங்க. விண்டோஸ் 11 மெஷின்கள் பலவற்றில் டிஸ்க் முழுக்கப் பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்றோ 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்றோ பெயர். நீங்க ஆன் செய்ததாக ஞாபகமே இருக்காது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்தபோது அது தானாகவே ஆன் ஆகியிருக்கலாம். பயாஸில் சிலவற்றை மாற்றியதும், "யாருப்பா நீ? சாவி கொடு" என்று 48 இலக்க நம்பரைக் கேட்கும். ரெஸ்க்யூ டிஸ்க் வழியாகப் போனாலும் அந்த நம்பர் இல்லாமல் ஒரு ஃபைலைக்கூடப் பார்க்க முடியாது.

பெரும்பாலும் அந்தச் சாவி உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டிலேயே இருக்கும். செல்போனில் லாகின் செய்து, டிவைஸ்கள் பகுதியில் ரெகவரி கீ என்ற இடத்தைப் பாருங்க. முதலில் அதைப் பேப்பரில் எழுதிக்கொண்டு, அப்புறம் பயாஸ் பக்கம் போங்க. சாவி எங்குமே இல்லை என்றால் எந்தக் கடைக்காரராலும் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது.

புது லேப்டாப்பில் டிஸ்க் காணோமே!

2020-இல் வந்த இன்டெல் 11-ஆம் தலைமுறை சிப்களிலிருந்து பல லேப்டாப்களில் வி.எம்.டி. என்ற ஒரு அடுக்கு ஆன் ஆகியே வருகிறது. உங்க எஸ்.எஸ்.டி. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். அதற்கான டிரைவர் இல்லாத ரெஸ்க்யூ டிஸ்க் டெஸ்க்டாப் வரை ஜம்மென்று வரும். டிஸ்க் லிஸ்ட் மட்டும் காலி. "எஸ்.எஸ்.டி. செத்துப்போச்சு" என்று பலர் முடிவு கட்டுவது இங்கேதான்.

பாதுகாப்பான வழி, டிரைவரைக் கையில் கொடுப்பது. வேறு மெஷினில் உங்க லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்துக்குப் போய், சரியான மாடல் நம்பரைக் கொடுத்து, இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி டிரைவரை எடுங்க. பெயரில் எஃப்6 என்று இருந்தால் இன்னும் நல்லது. பழைய ஃப்ளாப்பி காலத்துப் பெயர் உதவுவது இங்கேதான்! ஜிப்பைப் பிரித்ததும் உள்ளே ஐ.என்.எஃப்., சிஸ் என்று முடிகிற ஃபைல்கள் தெரிய வேண்டும். வெறும் செட்டப் ஃபைலாக வைத்துக்கொண்டால் பிரயோஜனம் இல்லை. விண்டோஸ் இன்ஸ்டால் டிஸ்க்கில் 'லோடு டிரைவர்' பட்டனை அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால், காணாமல் போன எஸ்.எஸ்.டி. சட்டென்று லிஸ்ட்டில் வந்து நிற்கும். 'பொருந்தாத டிரைவர்களை மறை' என்ற டிக் அப்படியே இருக்கட்டும். வேறு தலைமுறை டிரைவரை ஏற்றிப் பார்க்கிற சோதனையெல்லாம் வேண்டாம்.

இரண்டாவது வழி, பயாஸில் வி.எம்.டி.யைத் தற்காலிகமாக ஆஃப் செய்வது. ஏசர் லேப்டாப் சிலவற்றில் அந்த ஆப்ஷன் மறைந்திருக்கும். மெயின் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் தெரியும். ரெஸ்க்யூ வேலை முடிந்ததும் மறுபடி ஆன் செய்துவிட்டுத்தான் உங்க விண்டோஸைத் தொட வேண்டும். மறந்துபோய் 7பி வந்தாலும் பயப்படாதீங்க, செட்டிங்கைத் திருப்பினால் விண்டோஸும் திரும்பும். ஆனால் இரண்டு டிஸ்க்கைச் சேர்த்து ரெயிட் போட்டிருக்கிற மெஷினிலும், ஆப்டேன் மெமரி இருக்கிற மெஷினிலும் இந்த வழி கூடவே கூடாது. அங்கே மோடை மாற்றுவது டேட்டாவோடு விளையாடுவது.

11-ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் லேப்டாப்பில் ரெயிட் மோடு ஆனில் இருந்தாலும் இதே கண்ணாமூச்சி நடக்கும். லினக்ஸ் டிஸ்க் அங்கே ஒரு நல்ல காரியம் செய்கிறது. டிஸ்க் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்து, 'பயாஸை ரெயிட் மோடிலிருந்து ஏ.ஹெச்.சி.ஐ.க்கு மாற்று' என்று மெசேஜிலேயே எழுதிவிடுகிறது. படிக்கத்தான் நமக்குப் பொறுமை வேண்டும்!

டிஸ்க்கே நோயாளியா?

மேலே சொன்ன எதிலும் சரியாகவில்லை என்றால், டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிம்பிள் டெஸ்ட். பவரை முழுதாக ஆஃப் செய்து, ஹார்ட் டிஸ்க் கேபிளைக் கழற்றிவிட்டு ரெஸ்க்யூ டிஸ்க்கில் பூட் பண்ணுங்க. இப்போது கிராஷ் இல்லாமல் வருகிறதா? ரெஸ்க்யூ டிஸ்க் ஓகே. சந்தேகம் ஹார்ட் டிஸ்க், கேபிள், டிரைவர் மூன்றின் மேல். கழற்றிய பிறகும் விழுகிறதா? ஹார்ட் டிஸ்க் நிரபராதி! ரேமை மெம்டெஸ்ட்டில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க.

கேபிளா, டிஸ்க்கா என்பதை டிஸ்க்கின் 'ஸ்மார்ட்' ரிப்போர்ட் சொல்லும். சி.ஆர்.சி. எரர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்க. 'ரீஅலகேட்டட்', 'பெண்டிங்' என்ற இரண்டு வரிகளில் எண்கள் ஏறினால் டிஸ்க் படுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது செக்டிஸ்க் ஓட்டாதீங்க. ரிப்பேர் பண்ணுகிறேன் என்று அது டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும். சாகக் கிடக்கிற டிஸ்க்குக்கு அந்த வேலை ஆகாது. முதலில் காப்பி, அப்புறம்தான் வைத்தியம். டி.டி.ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவி சுலபமாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கிற இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். அதற்குச் சமமான அல்லது பெரிய இன்னொரு டிஸ்க் வேண்டும். எதிலிருந்து, எதற்கு என்பதை இரண்டு முறை சரிபாருங்க. மாறிவிட்டால் காலி டிஸ்க் உங்க புராஜெக்ட் மேல் ஏறிவிடும்.

உள்ளே 'டக் டக்' என்று சத்தம் வந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், உடனே ஆஃப் செய்யுங்க. அது டேட்டா ரெகவரி ஆட்களின் ஏரியா.

லினக்ஸில் உங்க விண்டோஸ் டிரைவ் 'ரீட் ஒன்லி' என்று திறந்தாலும் டென்ஷன் ஆக வேண்டாம். விண்டோஸ் 8-லிருந்து வருகிற ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப், ஷட்டவுன் செய்த பிறகும் டிரைவைப் பாதி திறந்த நிலையிலேயே விட்டுவிடும். காப்பி எடுக்கப் படித்தாலே போதுமே! எழுதவும் வேண்டும் என்று வற்புறுத்தித் திறக்காதீங்க.

உலகமே பார்த்த கேஸ்

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க ஏர்போர்ட், பேங்க், ஆஸ்பத்திரிகளில் நீலத் திரை வந்தது ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற செக்யூரிட்டி சாஃப்ட்வேரின் டிரைவர், தப்பான ஒரு அப்டேட் ஃபைலைப் படித்து விழுந்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. அது ஸ்டோரேஜ் டிரைவர் இல்லை. ஆனாலும் நமக்கு அதில் பாடம் இருக்கிறது. அந்த கிராஷால் எந்த டிஸ்க்கிலும் ஃபைல்கள் அழிந்துபோகவில்லை. சேஃப் மோடிலோ ரெஸ்க்யூ பென் டிரைவிலோ பூட் பண்ணி, அந்த ஒரு ஃபைலை அழித்தால் மெஷின் எழுந்துவிடும். ஃபார்மட் தேவைப்படவில்லை. அதைச் செய்ய மைக்ரோசாஃப்ட்டே ஒரு யு.எஸ்.பி. ரெஸ்க்யூ டூல் வெளியிட்டது. அப்போதும் பலரை மணிக்கணக்கில் உட்கார வைத்தது எது தெரியுமா? அதே 48 நம்பர்!

இந்த வார ஹோம்வொர்க்

லேப்டாப் நல்லா இருக்கும்போதே அரை நாள் ஒதுக்குங்க. விண்டோஸில் 'ரெகவரி டிரைவ்' என்று தேடி, ஒரு பென் டிரைவில் அதைச் செய்துகொள்ளுங்க. உங்க மெஷினிலிருந்தே உருவாவதால் கம்பெனி கொடுத்த டிரைவர்கள் பெரும்பாலும் அதில் கூடவே வந்துவிடும். ஒரு விஷயம், அந்தப் பென் டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துபோகும். இன்னொரு பென் டிரைவில் ஸ்டோரேஜ் டிரைவர் ஃபோல்டரைப் போட்டு வைங்க. பிட்லாக்கர் நம்பரைப் பேப்பரில் எழுதி, லேப்டாப் பையில் இல்லாமல் வேறு இடத்தில் வைங்க.

அப்புறம் முக்கியமான வேலை: அந்த ரெஸ்க்யூ டிரைவில் ஒரு முறை பூட் பண்ணிப் பாருங்க. உங்க டிஸ்க் அதில் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, எதையும் தொடாமல் ஆஃப் செய்துவிடுங்க. ஓட்டிப் பார்க்காத ரெஸ்க்யூ டிஸ்க், நீச்சல் தெரியுமா என்று கேட்காமல் கூட்டிப்போன லைஃப் கார்டு மாதிரி!

கடைசியாக ஒன்று. புராஜெக்ட் ரிப்போர்ட் ஒரே இடத்தில் இருக்கிறதா? இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் இன்னொரு காப்பி எடுங்க. மற்றதை எல்லாம் சாயங்காலம் பார்த்துக்கலாம்.

அடுத்த வாரம்: 'ரைட் புரொடெக்டட்' என்று முரண்டு பிடிக்கிற பென் டிரைவ்களை வழிக்குக் கொண்டு வரலாம். அதுவரைக்கும்... ஃபார்மட் பட்டன் பக்கம் போகாதீங்க ஃப்ரெண்ட்ஸ்!